காற்றும் நீரும் கேட்கும் உடை

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் சுற்றுலாப் பயணிகளோடு கடலுக்குள் போனது. அதற்கு முன்பு எங்கள் மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் கப்பல் சுற்றுலா என்பது சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளின் பேச்சாகவே இருந்தது. இப்போது தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரே துறைமுகம். அறுபதாம் கல்யாணம் முடிந்த தம்பதி, ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர், பழைய கல்லூரித் தோழிகள் என்று பலரும் இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்கு விலை விசாரிக்கிறார்கள். சீட்டு எடுத்த கையோடு எழுகிற கேள்வி ஒன்றுதான்: அங்கே என்ன உடுத்திக்கொள்வது?

கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் அது பணத்தையும் மானத்தையும் சேர்த்தே தொடுகிறது. பயணத்துக்குக் கட்டிய பணத்தில் கால்வாசி அளவுக்குப் புதுத் துணி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோட்டு, கவுன், குதிகால் செருப்பு என்று தி.நகரில் வாங்கி, திரும்பி வந்ததும் பீரோவின் மேல்தட்டில் போட்டு மறந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார், இருக்கிறதை எடுத்துப் போனால் போதும், கடலில் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார்கள். முதல் கூட்டம் பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறது. இரண்டாவது கூட்டம் கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் போகிறது. சாப்பாட்டு மேசைக்கு நம் உடை தாராளமாகப் போதும். மாற வேண்டியது காற்றுக்கும், தண்ணீருக்கும், படிக்கட்டுக்கும்தான். காசு செலவழிக்கிறதானால் அங்கே செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பழைய கப்பல்களுக்குப் போக வேண்டும். ஆங்கிலேயர் காலத்துப் பயணிக் கப்பல்களில் முதல் வகுப்பார் இரவுச் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொண்டு வருவது எழுதாத சட்டம். கறுப்பு ஜாக்கெட், கழுத்துக்கு போ டை, பெண்களுக்கு நீளமான மாலை கவுன். குளிர்ந்த ஐரோப்பியக் கடலுக்கு அது பொருந்தியது. சூயஸ் தாண்டிச் செங்கடலுக்குள் வந்ததும் அவர்களாலேயே தாங்க முடியவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் இடுப்பில் ஒரு பட்டையுமாகச் சாப்பிட உட்காரும் ஏற்பாடு ஒன்று பிறந்தது. ‘ரெட் ஸீ ரிக்’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். வெப்பக் கடலில் கோட்டு நிற்காது என்பதை விதியை வகுத்தவர்களே ஒப்புக்கொண்ட வரலாறு இது. வங்காள விரிகுடாவுக்குக் கோட்டு வாங்கப் புறப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொண்டால் நல்லது.

நம்மவர்கள் அந்தக் கப்பல்களில் பட்டபாடு வேறு. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து ‘கிளைடு’ என்ற கப்பலில் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, கப்பலில் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு, நண்பர்கள் கொடுத்த வெள்ளை ஃபிளானல் உடையைக் கரை இறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் செப்டம்பர் கடைசியில் வெள்ளை உடை போட்டவர் அவர் ஒருவர்தான். பெட்டிகளும் சாவிகளும் முகவர்கள் வசம் போய்விட்டன. அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமைக்கு முன் பெட்டி வராது என்று தெரிந்ததும் அந்தப் பதினெட்டு வயதுப் பையன் கூனிக் குறுகியதை ‘சத்திய சோதனை’யில் விவரமாகவே எழுதியிருக்கிறார். அதே மனிதர்தான் 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு ‘ராஜபுதனா’ கப்பலில் போனபோதும் அந்த உடையில்தான் போனார். 43 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு பயணங்களில் மாறியது உடை மட்டும் அல்ல, யாருடைய கண்ணுக்காக உடுத்துகிறோம் என்பதும்தான்.

சென்னைத் துறைமுகத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ கப்பலில் இங்கிலாந்து செல்ல ஏறிய கணித மேதை ராமானுஜன், அதற்கு முன்பே குடுமியை எடுத்து, கால்சட்டை கோட்டுக்குப் பழக வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தில் தாயும் மனைவியும் தன்னைப் பார்க்க வேண்டாம் என்று அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். இங்கிலாந்திலும் ஷூ அவருக்கு ஒத்துவரவில்லை, அறைக்குள் செருப்போடுதான் இருந்தார். உடை மாற்றம் என்பது ஒரு மனிதனிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆனால் கடல் தாண்டிய தமிழர்களில் பெரும்பாலோர் அந்த முதல் வகுப்பையோ இரண்டாம் வகுப்பையோ கண்டதே இல்லை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் மேல்தளப் பயணிகள் ஆயிரக்கணக்கில். அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ 1985இல் தீப்பிடிக்கும் வரை ஓடியது. சேலையும் வேட்டியும் கைலியுமாகத்தான் அந்த மக்கள் வங்காள விரிகுடாவைக் கடந்தார்கள். இன்றைக்கும் சென்னையிலிருந்து அந்தமான் போகும் அரசுக் கப்பல்களில் மூன்று நாள் பயணம் முழுவதையும் கைலியிலும் நைட்டியிலும் கழிப்பவர்கள் உண்டு. தமிழருடைய கப்பல் உடை வரலாறு என்று ஒன்றை எழுதினால் அதன் பெரும்பகுதி இவர்களுடையது. கோட்டும் போ டையும் அதில் ஒரு சிறு பக்கம்.

சரி, இன்றைய விதிகள் என்ன? கப்பல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். குனார்டு நிறுவனத்தின் ‘குவீன் மேரி 2’ போன்ற கப்பல்கள் பழைய வழக்கத்தை இன்னும் காப்பாற்றுகின்றன. விருந்து இரவுகளில் பிரதான உணவுக்கூடத்துக்குக் கறுப்பு ஜாக்கெட்டோ சூட்டோ வேண்டும். ஆனால் அவர்களும் அந்தந்த நாட்டின் மரபு உடையை விருந்து உடையாகவே ஏற்கிறார்கள். நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே கட்டாய விருந்து உடையைக் கைவிட்டுவிட்டது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் ஓரிரு இரவுகள் பகட்டாக உடுத்திப் படம் எடுத்துக்கொள்வதற்கென்று இருக்கும், விருப்பமில்லாதவர்கள் பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம். சென்னையிலோ மும்பையிலோ ஏறும் குடும்பக் கூட்டத்திடம் யாரும் டின்னர் ஜாக்கெட் கேட்பதில்லை. எங்கேயும் பொதுவாகக் கேட்பது ஒன்றுதான்: ஈர நீச்சலுடையோடும் குளியல் அங்கியோடும் வெறுங்காலோடும் உணவுக்கூடத்துக்கு வராதீர்கள். கைலி, நைட்டி, பனியன் மூன்றையும் கேபினுக்குள் வைத்துக்கொள்வதும் இந்த நியாயத்தில் சேரும். நம் தெருவில் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு காய்கறி வண்டிவரை போவது இயல்பு. கப்பலின் நடைவழி தெரு அல்ல, ஓட்டல் வராந்தா.

அப்படியானால் விருந்து இரவுக்கு என்ன? ஆணுக்குக் கரை வேட்டியும் முழுக்கைச் சட்டையும். பெண்ணுக்குப் பட்டுச் சேலை. இதைச் சமாளிப்பு என்று நான் சொல்லவில்லை, முதல் தரமான விருந்து உடை என்றே சொல்கிறேன். வேட்டிக்கு இடமில்லை என்ற மனோபாவம் வெளியூர்க்காரர்களுடையது மட்டும் அல்ல. 2014 ஜூலையில் சென்னையிலேயே ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டிவந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம், வேட்டி முதலிய மரபு உடைகளைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. உள்ளூரில் சட்டம் போட்டுக் காத்த ஓர் உடையைக் கடலுக்குப் போகும்போது நாமே வெட்கப்பட்டு வீட்டில் விட்டுப்போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேட்டியில் ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்ளலாம். கடைகளில் ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ என்று விற்கிற பட்டை வைத்த வேட்டி, ஆடுகிற தளத்துக்கு ஏற்றது.

சேலையில் காஞ்சிபுரம்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு கனமான பட்டு முக்கால் கிலோவுக்குக் குறையாது. உப்புக் காற்றிலும் நீர்த்துளியிலும் கறை வாங்கிக்கொள்ளும். ஒரு மாலைக்கு ஒன்று போதும். மற்ற நாளுக்குக் கசங்காத கிரேப்போ, மெல்லிய சில்க் காட்டனோ பெட்டியில் இடமும் அடைக்காது. நகையைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் கறாரானது. தாலிக்கொடிக்கு மேல் தங்கம் எடுத்துப்போக வேண்டாம். நீச்சல் குளத்து நீரில் கலந்த குளோரின் வெள்ளியையும் கலப்புத் தங்கத்தையும் நிறம் மங்கச் செய்யும். கேபின் லாக்கரை நினைத்துக்கொண்டே மூன்று நாளைக் கழிப்பதும் ஒரு சுற்றுலாவா?

இனி கப்பலைப் பற்றி. ‘எம்ப்ரஸ்’ 1990இல் பிரான்சில் ‘நோர்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது, மூன்று நான்கு இரவுப் பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல். நீளம் ஏறத்தாழ 210 மீட்டர், 11 தளங்கள். இந்த விவரம் உடைக்கு எதற்கு என்றால், இது மாடிமாடியாக ஏறி இறங்கும் வாழ்க்கை. அறை சின்னது, துணி மாட்ட இடம் குறைவு, லிஃப்டுக்குக் கூட்டம். வெளித்தளத்துக்குப் போகும் கதவுகளின் கீழே, தண்ணீர் உள்ளே வராமலிருக்க உயர்த்திக் கட்டிய நிலைப்படி இருக்கும். தரையைத் தொடும் பாவாடை, லெஹங்கா, நீள அனார்கலி எல்லாம் அந்த நிலைப்படியில் காலை வாரிவிடும். மடிசார் கட்டும் பாட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு காலும் தனித்தனியாக நடக்கும் கட்டு அது. மற்றவர்கள் சேலையைக் கணுக்கால் தெரிய ஓரங்குலம் தூக்கிக் கட்டினால் போதும்.

காற்றின் கணக்கு பலருக்குப் புரிவதில்லை. கப்பல் 18 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 33 கிலோமீட்டர். அதாவது, கடலில் இலைகூட அசையாத அமைதி இருந்தாலும், மேல்தளத்தில் முன்பக்கம் பார்த்து நிற்பவர் முகத்தில் 33 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் என்றால் இரண்டும் சேர்ந்து 50ஐத் தாண்டும். கொசுவம் நிற்காது, துப்பட்டா பறந்து பக்கத்தில் இருப்பவர் முகத்தில் விழும், தொப்பி கடலுக்குப் போகும். அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக இருக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்குக் கப்பலைக் கொண்டுவருவது வழக்கம் என்பதால், சென்னைப் பயணங்கள் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் அமைகின்றன. சென்னைக்கு அது வெயிலும் புழுக்கமும் மாலை இடிமழையும் சேர்ந்த காலம். முந்தானையில் நாலு சேஃப்டி பின், துப்பட்டாவை இரு தோளிலும் குத்திவிடுவது, நாடா வைத்த தொப்பி. இவ்வளவுதான் தேவை. வேட்டியைப் பகலில் மேல்தளத்துக்குக் கட்டாமல் மாலைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பகலுக்கு பேன்டோ முக்கால் டிரவுசரோ போட்டுக்கொள்வதில் எந்த மரபும் கெடாது.

வெளியே இப்படி என்றால் உள்ளே நேர்மாறு. நாடக அரங்கு, உணவுக்கூடம், நடைவழி எல்லாவற்றிலும் ஏசி ஓயாமல் ஓடும். இரவு நேர ஏசி பஸ்ஸில் பெங்களூர் போனவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும். நான்கு நிமிடத்தில் புழுக்கத்திலிருந்து குளிருக்கும் குளிரிலிருந்து புழுக்கத்துக்கும் மாறுவது வயதானவர்களுக்குத்தான் கஷ்டம். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, எளிதாகப் போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய முன்திறப்பு ஸ்வெட்டரோ சால்வையோ நல்லது. பெரியவர்களுக்குக் காலுறையும் காதை மூடும் துணியும் மறக்காமல் வேண்டும்.

துணியைத் தேர்வதில் நம்மிடையே ஒரு நம்பிக்கை: வெயிலுக்குப் பருத்திதான் என்று. கரையில் அது உண்மை. கடலில் பாதி உண்மை. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு விழுக்காடு அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் ஒரு விழுக்காடுகூட வாங்காது. கடற்காற்றில் ஈரம் எப்போதும் இருப்பதால், துவைத்துக் குளியலறைக் கயிற்றில் போட்ட பருத்திச் சட்டை மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த சட்டை இரவிலேயே காய்ந்துவிடும். வெயில் தடுப்பிலும் இப்படித்தான். மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன் புற ஊதாக் கதிரில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளே விடும், நனைந்தால் இன்னும் அதிகம். அடர்த்தியாக நெய்த, கொஞ்சம் கருத்த நிறத் துணி அதைவிட நன்றாகத் தடுக்கும். தலைக்கு மேலே சூரியனும், கீழே தண்ணீரிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் சேர்ந்து முகத்தைச் சுடும் இடம் கப்பலின் மேல்தளம். முழுக்கைச் சட்டையை மதியத்துக்கு எடுத்து வைப்பது அழகுக்காக இல்லை.

இவ்வளவும் சொன்னதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தண்ணீர் விஷயம்தான்.

கப்பலின் மேல்தளத்தில் நீச்சல் குளம் இருக்கும். நம் குடும்பங்களில் அப்பாவும் பிள்ளைகளும் அதில் இறங்கிவிடுவார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து துண்டையும் செல்போனையும் பார்த்துக்கொண்டிருப்பார். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலையில் சேலையோடு நின்று மகிழ்கிற பெண்தான் அவரும். தண்ணீர் பிடிக்காமல் உட்காரவில்லை. குளத்துக்கு நைலான், லைக்ரா நீச்சலுடை கட்டாயம். பருத்திச் சுடிதாரில் இறங்க விடமாட்டார்கள். அதற்கு நியாயமும் உண்டு: பருத்தியின் பஞ்சும் சாயமும் வடிகட்டியை அடைக்கும், நனைந்த துப்பட்டா உறிஞ்சு குழாயிலோ கழுத்திலோ சுற்றும், ஊறிய சுடிதார் எடை கூடி ஆளைக் கீழே இழுக்கும். ஈசிஆர் பக்கத்து நீர்விளையாட்டுப் பூங்காக்களில் இதே விதியை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். அங்கே வாடகைக்கு உடை கிடைக்கும். கப்பலில் அதை நம்பிப் போகக் கூடாது.

நீச்சலுடை என்றதும் நம் மனத்தில் சினிமாவில் பார்த்த ஒரே ஒரு வடிவம்தான் வருகிறது. கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை மூடுகிற நீச்சலுடை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. முழங்கால் வரை வரும் பாவாடை வைத்ததும், தலைமுடிக்கு உறையோடு வருவதும் உண்டு. ஐம்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் அளவு இருக்கிறது. ஒரு கவுனுக்குச் செலவழிப்பதில் பாதிகூட ஆகாது. இந்த ஒரு உடையை வாங்கித் தருவதைக் கணவன்மாரும் மகன்களும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். எல்லோர் பெட்டியையும் அடுக்குவது பெரும்பாலும் அம்மாதான், தனக்கென்று அதில் எதை விடுவது என்றே அவர் யோசிப்பார். எதை உடுத்துவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும், உடுத்த ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். மற்றவர்களும் தங்கள் பங்குக்குக் கண்ணையும் கேமராவையும் அடக்கிக்கொள்ள வேண்டும். குளத்துக்குப் போய்வர, முன்பக்கம் பொத்தான் வைத்த நீளமான ஒரு மேலாடை போதும். குழந்தைகள் விஷயத்தில் ஒன்று: டயப்பர் கட்டிய குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களின் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பராக இருந்தாலும்.

அடுத்தது பாதுகாப்பு. உடை பற்றிய பேச்சில் யாரும் எடுக்காத பகுதி இது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ கப்பல் பாறையில் மோதியபோது பயணிகள் பலர் இரவு உணவில் இருந்தார்கள். மாலை உடையோடும் குதிகால் செருப்போடும் சாய்ந்த தளத்தில் நடக்க நேர்ந்தது. அதன் பிறகு சர்வதேச விதிகள் இறுகின. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி நடத்தியாக வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நம் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகி, கொசுவம் நழுவாதபடி கட்டிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை மேலே போட்டு இடுப்புப் பட்டையை இறுக்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தெரியும், முந்தானை ஜாக்கெட்டுக்கு வெளியே தொங்கினால் படியில் யாராவது மிதிப்பார்கள் என்று. இரவில் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சுடிதார் அல்லது டிராக் பேன்ட், ஒரு ஸ்வெட்டர், பட்டை வைத்த ரப்பர் செருப்பு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். இருட்டில் பெட்டியைத் திறந்து தேட நேரம் இருக்காது. ஹவாய் செருப்பு ஈரத் தளத்தில் வழுக்கும். குதிகால் கப்பலுக்கு ஆகவே ஆகாது.

கரை இறங்கும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் நமக்கு அவை பழகிய ஊர்கள். 2023 ஜூன் 5 அன்று சென்னையிலிருந்து இலங்கைக்கான சொகுசுக் கப்பல் பயணத்தை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கிவைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்பது தடம். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும், ஆகவே அன்றைக்கு வேட்டியே உகந்தது. திருக்கோணேஸ்வரத்துக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை. பௌத்த விகாரைகளுக்கும் அப்படியே, வெளிர் நிறம் என்றால் இன்னும் பொருத்தம். புத்தர் உருவம் அச்சிட்ட பனியனை இலங்கைக்கு எடுத்துப்போகவே கூடாது. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை அந்த நாடு திருப்பி அனுப்பியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் சிம்மாசலம் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு உடுத்துவதே போதும். வெகுதூரம் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: பார்படாஸ், ஜமைக்கா முதலிய கரீபியன் தீவுகளில் ராணுவப் புள்ளிப்பச்சை உடையைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளின் டிரவுசருக்கும் அது பொருந்தும்.

கடைசியில் துவைப்பதும் தேய்ப்பதும். நம் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரை நம்பி வாழ்கிறவர்கள் கப்பலில் திண்டாடுவார்கள். இஸ்திரிப் பெட்டியைக் கேபினுக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள், பெட்டியைச் சோதிக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நடுக்கடலில் தீ என்பது வேறெந்த ஆபத்தையும்விடக் கொடியது. 2006 மார்ச்சில் ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் பால்கனிகளில் பரவிய தீக்கு ஒரு சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. பால்கனிக் கம்பியில் துணி காயப்போடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம், பறந்து போகும் என்பது அடுத்த காரணம். எனவே தேய்த்த சட்டையைச் சுருட்டி வைப்பது, சேலையை ரவிக்கை, பாவாடையோடு ஒன்றாக மடித்துத் தனித்தனிப் பையில் போடுவது, கசங்கினால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் தொங்கவிடுவது. மூன்று இரவுக்கு ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி தாராளம். சிங்கப்பூரில் கப்பல் ஏறப் போகிறவர்களுக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே எடைக்கணக்கு தொடங்கிவிடும்.

அந்தப் பெட்டியும் எப்போதும் கையில் இருக்காது. ஏறும்போது துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு, கேபின் வாசலுக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் குளத்துக்கும் வேண்டிய மாற்றுடை, நீச்சலுடை, மாத்திரை, பாஸ்போர்ட் எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். பெரிய கப்பல்களில் கடைசி இரவு படுக்கும் முன்பே பெட்டியை நடைவழியில் வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் அது நமக்கு முன்பே கரையில் இறங்கியிருக்கும். மறுநாள் உடுத்த வேண்டியதை, உள்ளாடையும் செருப்பும் உட்பட, எடுத்து நாற்காலியில் வைத்த பிறகே பெட்டியைப் பூட்ட வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அந்தக் கடைசிக் காலைக்கான உடையை ஒரு துணிப்பையில் தனியாகக் கட்டிப் பெட்டியின் மேலாக வைத்துவிட்டால் வேலை சுலபம்.